கன்னடம் தெரிந்த பெண்

பொற்கொடிக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் குறைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அது விழாவிட்டால் இறுதியாண்டுத் தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் வராது. ஆறு மாதம் காத்திருந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். அந்தக் கையெழுத்தை அவளிடமிருந்து தட்டிப் பறித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளப் பார்ப்பேன். அது எனக்குக் கைவந்த கலை.

என் பெயர் அனுப்ரியா. ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் வீடு. அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், பிறகு பெங்களூரில் ஒரு வருஷம் நீட் கோச்சிங். பொற்கொடிக்கு நாட்றாம்பாளையம். அஞ்செட்டியையும் தாண்டி, காட்டை ஒட்டிய ஊர். அவள் அப்பா சின்னராஜுக்கு ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு. யானை மனசு வைத்தால்தான் அறுவடை. அரசுப் பள்ளியில் படித்தாள். முதல் முறை நீட்டில் கோட்டை விட்டுவிட்டு, ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எட்டு மாதம் லைனில் நின்றாள். ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே, பக்கத்தில் நின்ற, ஆந்திராவின் குப்பம் ஊரிலிருந்து வந்த பெண்களிடம் தெலுங்கு கற்றுக்கொண்டாள். கன்னடம் அவள் அம்மா வீட்டு பாஷை. மறுபடியும் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் எங்கள் மருத்துவக் கல்லூரிக்கு வந்தாள்.

அந்த ஒதுக்கீடு ஏழரை சதவீதம். எங்கள் பையன்கள் அதைச் சுருக்கி ‘ஏழரை’ என்றார்கள். முகத்துக்கு நேராக ஒருவனும் சொன்னதில்லை, அவள் கடந்து போன பிறகுதான் சொல்வார்கள். திட்டு, அடி என்று ஏதாவது நடந்திருந்தால் அவள் புகார் எழுதிக் கொடுத்திருக்கலாம். நடந்ததெல்லாம் எழுத முடியாத சங்கதிகள். “உன் கட்-ஆஃப் எவ்வளவு?” என்று எல்லாரையும் ஒரு தடவை கேட்டார்கள், அவளை மட்டும் மூன்று வருஷமும் கேட்டார்கள். நாங்கள் நோட்ஸ் பகிரும் வாட்ஸ்அப் குழுவில் அவளைச் சேர்க்க ஒவ்வொருவரும் மறந்துபோனோம். “நீங்க எந்தப் பக்கம், உங்க ஆளுங்க அங்க நிறைய பேரா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, பதில் வந்ததும் தட்டோடு வேறு மேசைக்குப் போன ஒருத்தியை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் யூனிட்டின் உதவிப் பேராசிரியர் மணிகண்டன் சார் செங்கல்பட்டுக்காரர். எங்களிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். பொற்கொடி முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, “உனக்குத் தமிழ்லயே கேக்கறேம்மா, பயப்படாத” என்பார். அவள் ஆங்கிலத்திலேயே சரியாகப் பதில் சொல்வாள். “பரவால்லயே! யாரும்மா சொல்லிக் குடுத்தா?” என்பார். உண்மையான சந்தோஷத்தில்தான் சொல்வார். நோயாளிக்கு ரத்தம் கிடைக்காதபோது தானே போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எங்கள் எல்லாருக்கும் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும்.

வார்டுக்குப் போன முதல் நாள் அவர் கேட்டார்: “கன்னடம், தெலுங்கு யாருக்குத் தெரியும்? லோக்கல் ஆளுங்க யாராவது இருக்கீங்களா?”

பொற்கொடி கையைத் தூக்கினாள். நான் தூக்கவில்லை.

எனக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். ஓசூர்த் தெருவில் வளர்ந்த பிள்ளைக்குக் கன்னடம் தெரியாது என்றால் அதற்குக் காது கேட்கவில்லை என்று அர்த்தம். பூக்காரம்மாவிடம் கன்னடம், பால்காரரிடம் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் என் பள்ளியில் ‘லோக்கல்’ என்பது வசவு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாக வெள்ளைக் கோட்டின் பைக்குள் போய்விட்டது. தூக்கிய கை ஒன்றுதான் என்பதால் அதன் பிறகு எல்லா அழைப்பும் அவளுக்கே வந்தது. நர்சுகளும் அவள் பெயரைக் கற்றுக்கொள்ளவில்லை. “கன்னடம் தெரிஞ்ச பொண்ணு எங்க?” என்பார்கள்.

எங்கள் பிழைப்பு எப்படி என்றால், ஒவ்வொருவரும் ஐந்து நோயாளிகளிடம் நோயின் கதையை விசாரித்து, பரிசோதித்து, சார் முன்னால் நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எங்கள் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போடுவார். ஜவளகிரி, தளி, பேரிகைப் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள். ஆகவே விசாரிப்பது பொற்கொடி. அதை ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது நாங்கள். என் நான்கு கையெழுத்தில் மூன்று அவள் விசாரித்துக் கொடுத்தவை. தன்னுடைய நான்கை அவள் நடுநடுவே கிடைத்த நேரத்தில் ஓடி ஓடிச் சேர்த்தாள்.

கடைசி வாரத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் ஐந்தாவது குறைந்தது. அவள் முறை செவ்வாய், என் முறை வியாழன். வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் வஜிஹா மேடம் பதிவேடுகளைச் சரிபார்ப்பார். சனிக்கிழமை மதியம் பட்டியல் ஒட்டப்படும்.

திங்கட்கிழமை மாலை பெண்கள் வார்டில் பதினாலாம் படுக்கைக்கு அருகே அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜவளகிரிக்காரி மாதம்மாள், நாற்பது வயது, இதய வால்வு சுருங்கிய கேஸ். கன்னடம் தவிர வேறு பாஷை வராது. விடுதியில் நானும் பொற்கொடியும் ஒரே அறை. இரவு அவள் சாப்பிடவில்லை. தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அனு, நாளைக்கு ஏதாவது ஆயிடும்னே தோணுது.”

“என்னடி ஆவும்? கேஸத்தான் கரைச்சுக் குடிச்சிருக்கியே.”

“எங்கப்பா ஊர்ல அடுத்த வருசம் டாக்டர்னு சொல்லிட்டாரு. ஆறு மாசம் தள்ளுச்சின்னா, பாத்தியா, கோட்டாவுல வந்தது, முடியலன்னுதான் சொல்லுவாங்க. மத்தவங்க தள்ளுனா காய்ச்சல்னு சொல்லுவாங்க.”

அவள் சொன்னது உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை, பத்தாம் படுக்கை அருகே நிற்கும்போது மணிகண்டன் சாரின் போன் அடித்தது. அவசரப் பிரிவில் ஒரு தெலுங்குக்காரர், பெயர்கூடக் கேட்க ஆள் இல்லை. சார் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பொற்கொடி, ஓடிப் போய் என்னன்னு கேட்டுட்டு வாம்மா” என்றார். அவள் தயங்கினாள். அடுத்தது அவள் முறை. “அஞ்சு நிமிசம்தான், போ” என்றார். கையிலிருந்த தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாய்தளத்தில் இறங்கி ஓடினாள்.

பத்து நிமிடம் கழித்துப் பதினாலாம் படுக்கைக்கு வந்தோம். சார் பட்டியலைப் பார்த்தார். “நெக்ஸ்ட் பொற்கொடி. எங்க? ஆப்சென்டா?”

அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. சுற்றி நின்ற ஒன்பது பேருக்கும் தெரியும். எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், அவள் தாள்கள் என் கையில் இருந்தன. ‘சார், அவ கேசுவாலிட்டில இருக்கா, நீங்கதான் அனுப்பினீங்க’ என்று சொன்னால் முடிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் வாயில் கொழுக்கட்டை. பயமா என்று கேட்டால் பயமும்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. வியாழனுக்கு நான் இன்னும் ஒரு நோயாளியையும் பார்த்திருக்கவில்லை. பழுத்த பழம் கையில் இருந்தது.

சார் அவள் பெயருக்கு எதிரே பேனாவால் ஒரு சுழி போட்டார். “வேற யாரு ரெடி?”

“நான் ரெடி சார்” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

பொற்கொடியின் தாளில், ‘புல்லுக்கட்டு: முன்பு காட்டிலிருந்து வீடு வரை நிற்காமல், தீபாவளிக்குப் பிறகு இரண்டு இடத்தில் இறக்கி வைக்கிறார், மாசியிலிருந்து தூக்குவதே இல்லை’ என்று இருந்தது. மூச்சிரைப்பை இப்படிக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. நான் அந்தப் புல்லுக்கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்றாம் நிலை மூச்சிரைப்பு என்பதை ‘கிரேட் த்ரீ டிஸ்ப்னியா’ என்று நாக்கைச் சுழற்றிச் சொன்னேன். மாதம்மாள் என்னையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். சார் “எக்சலென்ட்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பொற்கொடி மூச்சு வாங்க ஓடி வந்தபோது நாங்கள் பதினாறாம் படுக்கை அருகே நின்றோம்.

“கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டாரு. வேற யாருன்னு கேட்டாரு. நான் சமாளிச்சேன்.”

“நான் கேசுவாலிட்டில இருக்கேன்னு சொன்னியா?”

“சொன்னேன்டி. அவரு காதுலயே வாங்கல.”

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். “சரி போவட்டும். வியாழக்கிழம உன் முறைய எனக்குக் குடு” என்றாள். குடுக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

வியாழக்கிழமை வகுப்பே நடக்கவில்லை. ஆய்வுக் குழு வருகிறது என்று சார்களையெல்லாம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் இன்னொரு நோயாளியின் தாள்களை வைத்துக்கொண்டு மாலை ஐந்து வரை வார்டு வாசலில் நின்றாள். சார் அவசரமாகப் போகும்போது பின்னாலேயே ஓடிக் கேட்டாள். “செவ்வாக்கிழம வந்திருக்கலாம்ல? நான் என்னம்மா பண்றது, அட்டெண்டன்ஸ் அட்டெண்டன்ஸ்தான்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ‘நீங்கதான் அனுப்பினீங்க’ என்று அவளே சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தேன். ஆனால் நான் ஏற்கெனவே சொல்லியும் அவர் கேட்கவில்லை என்று அவள் நம்புவதாக அப்போது நினைத்தேன். விழுங்கிக்கொண்டாள். அன்று இரவு எனக்கும் தூக்கமில்லை. அவளும் புரண்டு புரண்டு படுத்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவே மூன்றடி தூரம். எழுந்து போய் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வஜிஹா மேடம் வந்தார். ஆம்பூர்க்காரர், மெதுவாகப் பேசுவார், ஆனால் எதையும் எளிதில் விடமாட்டார். பதிவேட்டைப் பார்த்தோமா போனோமா என்று இல்லாமல், ஒவ்வொருவரின் கடைசி நோயாளியிடமே எங்களை அழைத்துக்கொண்டு போனார். பதினாலாம் படுக்கை முன் வந்து நின்றார்.

“கிரேட் த்ரீன்னு எழுதியிருக்க. எப்படி முடிவு பண்ணின? என்ன கேட்ட?”

நான் புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தேன். அவர் திருப்திப்படவில்லை. “பேஷன்டையே கேப்போம். கன்னடம் தெரிஞ்ச பொண்ணு யாரோ இருக்காமே?”

பொற்கொடி முன்னால் வந்தாள். வீங்கிய கண், வாராத தலை. மேடம் சொன்னதை அவள் கன்னடத்தில் கேட்டாள்: இந்தம்மா உன்னிடம் மூச்சிரைப்பு பற்றி என்ன கேட்டார்?

மாதம்மாள் என்னைக் கையால் காட்டினாள். “இவளு நன்ன ஏனூ கேளில்ல. கேளித்தெல்லா அவளே” என்று பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள் என்னை எதுவுமே கேட்கவில்லை, கேட்டதெல்லாம் அவள்தான் என்று அர்த்தம். தமிழ் தெரிந்தவர்களுக்கே முக்கால்வாசி புரியும். ஆனால் மாதம்மாளுக்கு மூச்சு முட்டியது, வார்த்தைகள் பாதி தேய்ந்து வந்தன. மேடம் பொற்கொடியைப் பார்த்தார்.

“என்ன சொல்றாங்க?”

ஒரே ஒரு வரி. அதை அப்படியே சொன்னால் அவளுக்குக் கையெழுத்து கிடைக்கும். பொற்கொடி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவள் சொன்னாள்: “நடந்தா மூச்சு வாங்குதாம் மேடம். இவங்க நல்லா கேட்டாங்கன்னு சொல்றாங்க.”

மேடம் தலையை ஆட்டிப் பேனாவைத் திறந்தார்.

நான் நல்லவள் இல்லை. அந்த நொடியில்கூட முதலில் வந்தது நிம்மதிதான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்குப் பின்னால்தான் வெட்கம் வந்தது.

“மேடம், அவங்க அப்படிச் சொல்லல.”

பேனா நின்றது. “நான் எதுவும் கேக்கலன்னு சொன்னாங்க. கேட்டதெல்லாம் பொற்கொடின்னு சொன்னாங்க. கேஸ் அவளோடது மேடம். செவ்வாக்கிழம சார் அவளைக் கேசுவாலிட்டிக்கு அனுப்பிட்டாரு, மறந்து ஆப்சென்ட் போட்டுட்டாரு. எனக்குத் தெரியும். நான் சொல்லல.”

மணிகண்டன் சார் முகம் சிவந்தது. “அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு.

மேடம் அவரைப் பார்க்கவில்லை. “உனக்குக் கன்னடம் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியும் மேடம். ஓசூர்தான் எனக்கு.”

பொற்கொடி அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். மூன்று நாளாகப் பதிவேட்டுக்காகக் கலங்கிய முகத்தில் வேறு ஏதோ ஒன்று வந்தது. அதை நான் இப்போது நினைத்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மேடம் என் ஐந்தாவது கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். நாளைக் காலை பத்து மணிக்குள் நானே விசாரித்த ஒரு நோயாளியைச் சார் முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் நான் இல்லை என்றார். பிறகு பொற்கொடியிடம் ஆங்கிலத்திலேயே, ஆரம்பி என்றார். அவள் ஆரம்பித்தாள். இரண்டு இடத்தில் ஆங்கிலம் இடறியது. புல்லுக்கட்டு வந்ததும் மேடம் கையைக் காட்டி நிறுத்தி, அதை மறுபடி சொல்லச் சொன்னார். எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டார், பதில்களை ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாய்தளத்தில் அவளைத் துரத்திப் பிடித்தேன். “ஏன்டி மாத்திச் சொன்ன?”

“பின்ன? கேஸு என்னுதுன்னு நானே மொழிபேத்தா யாரு நம்புவா? தனக்குச் சாதகமா சொல்லிக்கினா, கோட்டா புத்தியக் காட்டிட்டான்னுவாங்க. சொன்னா ரெண்டு பேருக்கும் அசிங்கம். சொல்லலன்னா ஒருத்தியாவது தேறுவா.”

“என்ன மன்னிச்சிடுடி. அன்னிக்கு சார்கிட்ட நான் சொல்லவே…”

“அது எனக்குத் தெரியும். செவ்வாக்கிழமயே உன் மூஞ்சியில தெரிஞ்சுது.” அவள் குரல் உடைந்தது. “கன்னடம் தெரியும்னு இன்னிக்குத்தான் தெரியுது. எத்தினி நாள் நான் சோறு திங்காம ஓடியிருக்கேன், நீ பாத்துக்கினே இருந்திருக்க. அன்னிக்கு நீயும் கையத் தூக்கியிருந்தா நாம ரெண்டு பேரா இருந்திருப்போம் அனு.”

அன்று இரவு அவள் என்னோடு பேசவில்லை. நான் ஆண்கள் வார்டில் கல் குவாரித் தொழிலாளி ஆஞ்சப்பன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கன்னடத்தில் விசாரித்தேன். அவர் இருமலுக்கு நடுவே சிரித்தார். “ஒங்களுக்குமா பேச வரும்?” என்று தமிழில் கேட்டார்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வார்டில் வரிசையாக நின்றோம். சாரின் போன் அடித்தது. அவசரப் பிரிவு. பழக்கதோஷத்தில் அவர் கண் பொற்கொடியிடம் போனது. அவள் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணிக்கு இன்னும் அரை மணி. கையைத் தூக்கினேன்.

அவசரப் பிரிவில் ஒரு தாய், வலிப்பு வந்த குழந்தை, நிற்காத அழுகை. எப்போது வந்தது, எத்தனை நேரம் நீடித்தது, முன்பு வந்ததுண்டா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லி முடிப்பதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஓடிவிட்டது. திரும்பச் சாய்தளத்தில் ஏறி ஓடும்போது செருப்பு வழுக்கியது. இப்போது கூப்பிட்டிருப்பார், சுழி போட்டிருப்பார், ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று தோன்றியது. மூன்று வருஷமாக அவள் ஒவ்வொரு தடவையும் இப்படித்தானே ஓடி வந்திருப்பாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வார்டு வாசலை எட்டும்போது உள்ளே சாரின் குரல் கேட்டது.

“அனுப்ரியா எங்க? ஆப்சென்டா?”

வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“சார்” என்றது பொற்கொடியின் குரல். “அவ கேசுவாலிட்டில இருக்கா. நீங்கதான் அனுப்பினீங்க.”